வாட்டைக் கூட்டுமுன் ஒரு வார்த்தை

தாம்பரத்திலும், சேலையூரிலும், குரோம்பேட்டையிலும், பல்லாவரத்திலும், மேடவாக்கத்திலும், மாதச் சம்பளத்திலோ ஓய்வூதியத்திலோ மிச்சம் பிடித்து, வீட்டு ஹாலில் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் ஓர் ஆம்ப்ளிபையரும் வைத்துக்கொண்டு, மாலை வேளைகளில் சங்கீதம் கேட்டுவரும் அன்பர்களே!

சமீப காலமாக உங்களில் பலர், நேரிலும் தொலைபேசியிலும், ஏறக்குறைய ஒரே கேள்வியை என்னிடம் கேட்டு வருகிறீர்கள். பல வருஷங்களாக உழைத்துவரும் நாற்பது அல்லது ஐம்பது வாட் பவர் ஆம்ப்ளிபையரை யாரிடமாவது தள்ளிவிட்டு, நூறு வாட்டோ இருநூறு வாட்டோ தரக்கூடிய புதியதொன்றை வாங்கிவிடலாமா, வாங்கினால் பாட்டுக்குப் புது உயிர் வந்துவிடுமா என்பதே அந்தக் கேள்வி. தனித்தனியாகப் பதில் சொல்லப் புகுந்தால், ஒருவரிடம் சொன்ன நியாயம் மற்றொருவரிடம் விட்டுப்போகிறது. ரிச்சி தெருவுக்குப் புறப்பட்டு மின்சார ரயிலுக்காக நிற்பவரிடம் முழுவதையும் சொல்லி முடிக்க அவகாசமும் கிடைப்பதில்லை. ஆகவே எல்லோருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதத் துணிந்தேன். என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களில் பெரும்பாலோருக்குப் புதிய ஆம்ப்ளிபையர் அவசியமில்லை. அவசியப்படும் சிலருக்கோ, இப்போது இருப்பதைப்போல் இரு மடங்கு வாங்குவது போதாது. நாலு மடங்காவது வாங்க வேண்டும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட செலவு அத்தனையும் வீண் என்பது என் துணிபு.

காரணத்தைச் சொல்கிறேன். வாட்டும், காதுக்குக் கேட்கும் உரப்பும் ஒரே விகிதத்தில் வளர்வன அல்ல. சக்தியை இரட்டித்தால் ஒலியின் அளவு மூன்று டெசிபல்தான் ஏறும். அந்த மூன்று டெசிபல், கவனித்துக் கேட்பவருக்கு 'சற்றே கூடியிருக்கிறது' என்று தோன்றும், அவ்வளவே. ஒலி இரு மடங்காகிவிட்டது என்று காது ஒப்புக்கொள்ள வேண்டுமானால் சுமார் பத்து டெசிபல் ஏற வேண்டும். அதற்குச் சக்தி பத்து மடங்காக வேண்டும். ஆகையால் 50 வாட் யந்திரம் வைத்திருக்கும் ஒருவர், அதன் எல்லை வரை திருகிய பிறகும் ஆசை அடங்காமல், இன்னும் இரு மடங்கு உரத்துக் கேட்க விரும்புவாரானால், அவர் தேட வேண்டியது 500 வாட். 100 வாட் வாங்கி வந்து வைத்துவிட்டு, முதல் நாள் உற்சாகத்தில் வித்தியாசம் தெரிகிறது என்றும், மாதக் கடைசியில் பழையபடிதான் இருக்கிறது என்றும் அவர் சொல்வாரேயானால், இரண்டாவதாகச் சொன்னதையே நான் நம்புவேன்.

சரி, ஒரு வீட்டில் உண்மையிலேயே எத்தனை வாட் செலவாகிறது? கடைகளில் கிடைக்கும் நடுத்தரமான ஸ்பீக்கர் ஒன்று, ஒரு வாட் சக்தியை வாங்கிக்கொண்டு, ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் ஒலியைத் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உட்காருவது பத்தடி தள்ளி. தூரத்தினால் குறைவதையும், ஸ்பீக்கர்கள் இரண்டாக இருப்பதனாலும் சுவர்களின் எதிரொலியினாலும் கூடுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஸ்பீக்கருக்கு ஒரு வாட் வீதம் போகும்போது உங்கள் நாற்காலியில் ஏறத்தாழ 82 டெசிபல் கேட்கும். சமையலறையில் இருப்பவர் கோபித்துக்கொள்ளாதபடி, ஆனால் பாட்டில் ஒன்றும் விடுபடாதபடி நாம் சாதாரணமாகக் கேட்பது 75 டெசிபல். அதற்கு வேண்டிய சக்தி ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஐம்பது வாட் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் அன்பர், மாலை முழுவதும் காம்போதி ஆலாபனை கேட்பது இந்த ஐந்தில் ஒரு பங்கு வாட்டில்தான்.

'அப்படியானால் மீதி எதற்கு?' என்பீர்கள். மீதி மிருதங்கத்துக்கு. நன்றாகப் பதிவான கச்சேரியில், பாடகரின் குரலும் தம்பூராவும் வயலினும் சேர்ந்து ஓடும் சராசரி அளவுக்கு மேலே, வலந்தலையில் விழும் ஒரு சாப்பு பதினெட்டு டெசிபல் கூட எழும்பக்கூடும். பதினெட்டு டெசிபல் என்பது சக்தியில் சுமார் அறுபத்துமூன்று மடங்கு. ஐந்தில் ஒரு பங்கு வாட், அந்தக் கண நேரத்துக்கு ஏறக்குறைய பன்னிரண்டரை வாட்டாகிறது. அந்தக் கணத்தில் யந்திரத்திடம் சக்தி இல்லாவிட்டால், சாப்பின் தலை வெட்டுண்டு, சொல் மழுங்கி, தோலில் அடித்த நாதம் அட்டையில் தட்டிய சத்தமாகக் கேட்கும். தொழில் தெரிந்தவர்கள் இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். ஐம்பது வாட் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்குப்படி இன்னும் நாலு மடங்கு சக்தி கையிருப்பில் இருக்கிறது. ஆனால் நாகஸ்வரமும் தவிலும் கோயில் பிராகாரத்தில் கேட்பதுபோல் வீட்டிலும் கேட்க வேண்டும் என்று சராசரி அளவையே 85 டெசிபலுக்கு உயர்த்துகிறவருக்கு இதே கணக்கு 126 வாட் என்று முடியும். அவருக்கு ஐம்பதும் போதாது, நூறும் போதாது. இருநூறு வாட் போதும். இரு மடங்கு வாங்குவதை நான் ஏன் தடுக்கிறேன் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

இடையே ஒரு விஷயம். 1924-ஆம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில், சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் தோன்றிய சென்னை மாகாண ரேடியோ சங்கம் தன் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, அதன் டிரான்ஸ்மிட்டரின் சக்தி நாற்பது வாட்தான். வானொலி அலையின் வாட்டையும் ஸ்பீக்கருக்குப் போகும் வாட்டையும் ஒரே தராசில் வைப்பது சாஸ்திரப்படி சரியல்ல என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். ஆயினும், ஒரு பட்டணத்துக்கே பாட்டு வழங்கப் புறப்பட்டவர்களுக்குப் போதுமாயிருந்த எண் அது என்பதை, பத்துக்குப் பன்னிரண்டு ஹாலுக்கு இருநூறு வாட் கேட்கும் நண்பர் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

கணக்கை நம்பாதவர்களுக்குப் பிரத்தியட்சமான பரீட்சை ஒன்று இருக்கிறது. ஒரு சாதாரண மல்ட்டிமீட்டரும் கால் மணி நேரமும் இருந்தால் போதும். உங்களிடம் உள்ளவற்றில் மிகவும் உரத்துக் கேட்க விரும்பும் பாட்டை எடுத்து, வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, இதற்கு மேல் வேண்டாம் என்று நீங்களே சொல்லும் வரை வால்யூமைக் கூட்டுங்கள். பிறகு அந்தக் குமிழைத் தொடாமல் பாட்டை நிறுத்தி, யந்திரத்தை அணைத்து, ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு, மறுபடியும் போட்டு, உச்ச அளவுக்குப் பன்னிரண்டு டெசிபல் கீழே பதிவான 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை ஓடவிடுங்கள். ஸ்பீக்கர் மாட்டும் முனைகளில் மல்ட்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து அளந்து, வரும் எண்ணை நாலால் பெருக்குங்கள். பதிவில் வரக்கூடிய உச்சத்துக்கு உரிய வோல்ட் அது. அதைத் தன்னாலேயே பெருக்கி, ஸ்பீக்கரின் ஓமால் வகுத்தால், உங்களுக்கு உண்மையில் தேவையான வாட் கிடைத்துவிடும். மீட்டர் இரண்டரை வோல்ட் காட்டினால், நாலால் பெருக்கப் பத்து. பத்தைப் பத்தால் பெருக்க நூறு. எட்டு ஓமால் வகுக்கப் பன்னிரண்டரை வாட். நாலு ஓம் ஸ்பீக்கரானால் இருபத்தைந்து. வால்வு ஆம்ப்ளிபையர் வைத்திருக்கும் அன்பர்கள் மட்டும் இதைச் செய்யக் கூடாது. ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு யந்திரத்தை ஓட்டினால் அதன் அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கே ஆபத்து. மற்றவர்கள், வந்த விடை தங்கள் யந்திரத்தின் திறமையில் பாதிக்குக் கீழே இருக்குமானால், வாட்டைப் பற்றிய கவலையை அன்றோடு விட்டுவிடலாம்.

யந்திரத்தின் திறமை என்றேன். பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும் எண்ணைச் சொல்லவில்லை. நம் ஊரில் ஆம்ப்ளிபையர் அசெம்பிள் செய்யும் கலைக்கு நெடிய பரம்பரை உண்டு. ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் போர்டும் டிரான்ஸ்பார்மரும் கேபினட்டும் தனித்தனியாக வாங்கி வந்து, வீட்டுத் திண்ணையில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்து, தங்கை கல்யாணத்துக்குள் பாட்டுப் பெட்டி தயார் செய்த இளைஞர்கள் எத்தனையோ பேர். அந்தக் கலையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பெட்டிகளின் முகப்பில் எழுதும் எண்ணை மதிக்க முடியவில்லை. 4440 ஐ.சி. என்று சிறு கடைக்காரர் முதல் பள்ளிக்கூடப் பையன் வரை அறிந்த அந்தச் சில்லு, அதைச் செய்த கம்பெனியின் கணக்குப்படி ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட்டும், இரண்டையும் சேர்த்து ஒன்றாகக் கட்டினால் 19 வாட்டும் தருவது. அதை வைத்துக் கட்டிய பெட்டியில் ஆயிரம் வாட் பி.எம்.பி.ஓ. என்று மின்னும் எழுத்தில் ஸ்டிக்கர் இருக்கும். பி.எம்.பி.ஓ. என்பது எந்தக் கருவியாலும் அளக்க முடியாத, அச்சடிப்பவரின் தாராள மனத்தை மட்டும் பொறுத்த ஓர் அளவு.

உண்மையான திறமையை அறிய மூடியைத் திறந்து டிரான்ஸ்பார்மரைப் பாருங்கள். 12-0-12, 5 ஆம்பியர் என்று அதில் எழுதியிருந்தால், சுவரிலிருந்து அது தொடர்ந்து வாங்கித் தரக்கூடியதே 120 வாட்டை ஒட்டித்தான். அதிலும் அந்த வோல்ட்டேஜைக் கொண்டு எட்டு ஓம் ஸ்பீக்கருக்குப் பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து வாட்டுக்குமேல் அனுப்ப யாராலும் இயலாது. டிரான்ஸ்பார்மர் பொய் சொல்வதில்லை. கையில் தூக்கிப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

இப்போது நான் அதிகமாகச் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். பாட்டு சரியாகக் கேட்கவில்லை, பேஸ் குழம்புகிறது, சாகித்தியம் தெளிவாக விழவில்லை என்று நீங்கள் சொல்லும் குறைகளில் பெரும்பகுதிக்கு ஆம்ப்ளிபையர் காரணமே இல்லை. குற்றவாளி நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறை. நம் புறநகர்களில் இருபது முப்பது வருஷமாக எழுந்துவரும் வீடுகளையும் அடுக்குமாடிகளையும் நினைத்துப் பாருங்கள். கீழே வழவழப்பான டைல்ஸ், மேலே காங்கிரீட் தளம், நாலு பக்கமும் சிமெண்டுப் பூச்சு, ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல். ஒலியை உறிஞ்சிக்கொள்ள அங்கே எதுவுமே இல்லை. ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை 'டிர்ர்' என்று நீண்டு அடங்கினால், பாடகர் பாடும் ஒவ்வோர் அட்சரத்தின் வாலும் அடுத்த அட்சரத்தின் தலையில் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில், பேச்சே புரியாத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சீர்ப்படுத்தும் பொறுப்பை 1895-ஆம் வருஷம் ஏற்ற வாலஸ் சாபின் என்ற இளம் பேராசிரியர், வேறொரு நாடகசாலையிலிருந்து நாற்காலி மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்கி, ஓசை அடங்கும் நேரத்தை ஒவ்வொரு மெத்தைக்கும் அளந்துதான் இந்தச் சாஸ்திரத்தையே ஸ்தாபித்தார். அவர் கண்ட விதிப்படி, பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும் உள்ள வெறும் ஹாலில் ஓசை முழுதும் அடங்க இரண்டு மூன்று விநாடிகூட ஆகலாம். திரைச்சீலையும் சோபாவும் புத்தக அலமாரியும் மெத்தையும் சேர்ந்தால் அது அரை விநாடிக்குச் சற்று மேலே வந்து நிற்கும். நாம் மண்டபம் கட்டப் போவதில்லை. பரணில் சும்மா கிடக்கும் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை இறக்கி, ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்து ஒரு கீர்த்தனை கேட்டுப் பாருங்கள். ஐம்பதாயிரம் ரூபாய் ஆம்ப்ளிபையர் தராத தெளிவை அது தரும். மனைவியின் ஆட்சேபம் வரும். அதைச் சமாளிக்கும் வழி எனக்குத் தெரிந்த சாஸ்திரத்தில் இல்லை.

பேஸ் விஷயம் இதைவிட விசித்திரமானது. 'பத்துக்குப் பத்து ரூம்' என்பது நம் மேஸ்திரிகளின் வாயில் ஒரு மந்திரம். தளத்தின் உயரமும் பத்தடி. மூன்று பக்கமும் சமமான இந்தக் கனசதுரத்தில், சுமார் 57 ஹெர்ட்ஸ் அளவில், நீளத்துக்கு ஒன்றும் அகலத்துக்கு ஒன்றும் உயரத்துக்கு ஒன்றுமாக எழ வேண்டிய மூன்று அதிர்வுகளும் ஒரே சுருதியில் வந்து கூடி, ஒரு ஸ்வரத்தை மட்டும் அரக்கத்தனமாகப் பெருக்குகின்றன. அதை ஒட்டிய மற்ற ஸ்வரங்கள் மெலிந்து போகின்றன. இளையராஜாவின் பாட்டில் பேஸ் கிடார் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு நடந்து போகும் அழகைக் கேட்க உட்கார்ந்தவருக்கு, ஒரு படியில் மட்டும் அறையே 'பூம்' என்று அதிர்வதும், அடுத்த படியில் ஒன்றுமே இல்லாமல் போவதும் இதனால்தான். அவர் ஆம்ப்ளிபையரை மாற்றினால் அந்த 'பூம்' இன்னும் பலமாகக் கேட்கும். ஸ்பீக்கரைச் சுவரின் மூலையிலிருந்து இரண்டடி முன்னுக்கு இழுத்து, நாற்காலியைப் பின்சுவரிலிருந்து நகர்த்திப் போட்டாரானால் செலவின்றியே பாதிக் குறை தீரும். வேறு அறை இருக்குமானால், நீளமும் அகலமும் உயரமும் ஒன்றுக்கொன்று ஒவ்வாத அறையாகப் பார்த்து அங்கே குடியேறுவது உத்தமம்.

இரைச்சலையும் சொல்ல வேண்டும். மே மாதத்து வெயிலில் மின்விசிறி இல்லாமல் சங்கீதம் கேட்கும் தபஸ்வி யாரையும் நான் தாம்பரத்தில் பார்த்ததில்லை. முழு வேகத்தில் சுழலும் விசிறியின் ஓசை ஐம்பது டெசிபலை ஒட்டியிருக்கும். தம்பூராவின் மெல்லிய ரீங்காரமும், வீணையில் ஒரு மீட்டுக்குப் பின் தேய்ந்து மறையும் கமகமும் அதற்குள்ளே மூழ்கிப் போகின்றன. மூழ்கியதை மேலே கொண்டுவரத்தான் நாம் வால்யூமைக் கூட்டுகிறோம். கூட்டக் கூட்ட வாட் போதவில்லை என்கிறோம். விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அதன் இரைச்சல் சுமார் பதினைந்து டெசிபல் குறையும். பத்து டெசிபல் அமைதி கிடைத்தாலே, அது உங்கள் ஆம்ப்ளிபையரைப் பத்து மடங்கு பெரியதாக்கியதற்குச் சமானம். அதிலும், படிப்படியாக மாறும் கபாசிட்டர் ரெகுலேட்டராகப் போட்டுக்கொள்ளுங்கள். வழுக்கிக்கொண்டே திரும்பும் பழைய மாதிரி எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் விசிறியையும் முனக வைத்து, மின்கம்பி வழியாக ஆம்ப்ளிபையருக்குள்ளும் தன் கரகரப்பை அனுப்பும். விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரிலும் பம்மலிலும் இருப்பவர்கள், தலைக்குமேல் விமானம் போகும்போது பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. எந்த வாட்டும் ஜெட் இன்ஜினை ஜெயிக்காது.

'இத்தனையும் சரி, ஆனால் ஆம்ப்ளிபையருக்கு ஆம்ப்ளிபையர் நாதமே வேறுபடுகிறதே' என்று கேட்கும் நண்பர்களையும் நான் அறிவேன். இங்கிலாந்தில் குவாட் கம்பெனியை நிறுவிய பீட்டர் வாக்கர் 1978-இல் இதற்கொரு பந்தயம் போலவே ஏற்பாடு செய்தார். 1953-இல் வந்த 15 வாட் வால்வு யந்திரம், 1967-இல் வந்த 45 வாட் டிரான்சிஸ்டர் யந்திரம், 1975-இல் வந்த 100 வாட் யந்திரம் என்று தம் கம்பெனியின் மூன்று தலைமுறை ஆம்ப்ளிபையர்களை, ஜேம்ஸ் மோயர் என்ற ஒலி நிபுணரைக் கொண்டு, தேர்ந்த காதுள்ள ரசிகர்களின் முன்னே, எது பாடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தார். ஊகித்துச் சொன்னால் எத்தனை சரியாக வருமோ அதற்குமேல் அவர்களால் சொல்ல இயலவில்லை. புதிய யந்திரங்களை விற்க வேண்டிய முதலாளியே, தம் பழையதற்கும் புதியதற்கும் காதில் பேதம் தெரியவில்லை என்று நிரூபித்துக் காட்டிய அந்தத் துணிச்சலை நான் எப்போதும் மெச்சுவேன். கடையில் இரண்டு பெட்டிகளை மாற்றிக் கேட்கும்போது பேதம் தெரிவது, பெரும்பாலும் ஒன்று மற்றொன்றைவிட அரை டெசிபல் உரக்க இருப்பதனால்தான். சற்றே உரத்தது எப்போதும் இனிமையாகத் தோன்றும். இரண்டையும் மீட்டர் வைத்துச் சமன் செய்து காட்டச் சொல்லுங்கள். கடைக்காரரின் முகம் மாறுவதைக் காண்பீர்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை: ஒப்பிடும் யந்திரங்கள் ஆரோக்கியமாக இருக்க வேண்டும். உங்கள் பழைய ஆம்ப்ளிபையர் ஆரோக்கியமாக இருக்கிறதா? அதற்குள்ளே சோடா பாட்டில் மூடி அளவில் நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்களின் ஆயுள், உஷ்ணம் பத்து டிகிரி ஏறும்போதெல்லாம் பாதியாகக் குறையும். வெளியே நாற்பது டிகிரி, மூடிய டி.வி. அலமாரிக்குள் ஐம்பது, அதன் மேலே செட்டாப் பாக்ஸின் சூடு என்று நம் வீடுகளில் அவை படும் பாடு, குளிர் தேசத்தில் அவற்றை வடிவமைத்தவர் கனவிலும் காணாதது. காய்ந்துபோன கபாசிட்டர் பேஸை இளைக்க வைக்கும், 'ம்ம்ம்' என்ற முனகலைக் கொண்டுவரும். கேட்பவர் வாட் குறைந்துவிட்டது என்பார். ஸ்பீக்கர் ரிலேயின் முனைகள் கறுத்துப்போனால் ஒரு பக்கம் அவ்வப்போது மௌனமாகும். வால்யூம் கண்ட்ரோலில் தூசி படிந்தால் திருகும்போது கரகரக்கும். இவை எல்லாவற்றையும், பெட்டி விலையில் ஒரு சிறு பங்கு செலவில், தெரிந்த டெக்னீஷியன் ஒருவர் ஒரு வாரத்தில் சரிசெய்து, பயாஸையும் திருத்திக் கொடுத்துவிடுவார். பாட்டு இல்லாத வேளையில் ஸ்பீக்கர் முனைகளில் டி.சி. வோல்ட் அளந்து பாருங்கள். ஐம்பது மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி, அதற்கு மேலே ஏறிக்கொண்டே போனால் டெக்னீஷியனைக் கூப்பிடும் காலம் வந்துவிட்டது. பவர் டிரான்சிஸ்டர் மாற்ற நேரிட்டால் மட்டும் கடையில் விலை குறைந்ததைக் கேட்காதீர்கள். 5200, 1943 என்று எல்லோரும் சொல்லும் ஜோடியில் போலிச் சரக்கு உலகம் முழுவதும் மலிந்து கிடக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தள வீடுகளில் நீரில் மூழ்கிய பெட்டிகளைத் துடைத்து எடுத்து வைத்திருப்பவர்கள் யாரேனும் இருந்தால், அவற்றை மறுபடியும் பிளக்கில் சொருகிப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

யார்தான் வாங்கலாம் என்றால், மேலே சொன்ன மீட்டர் பரீட்சையில் தம் யந்திரத்தின் எல்லையைத் தாண்டிவிட்டவர்கள் வாங்கலாம். 83, 84 டெசிபல் மட்டுமே தரும் சிறிய ஸ்பீக்கர்களின்மேல் பிரியம் வைத்தவர்களும், அகரம்தென் பக்கம் தனி வீடு கட்டி இருபத்தைந்தடி ஹாலில் உட்காருகிறவர்களும், நாலு ஓமுக்குக் கீழே இறங்கிப் போகும் ஸ்பீக்கரால் யந்திரம் கொதித்து அணைந்து போவதைக் காண்கிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். இவர்கள் கிளாஸ் டி என்ற வகையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை ஸ்பீக்கருக்கே தந்துவிட்டு அதிகம் சூடாகாமல் இருப்பது நம் சீதோஷ்ணத்துக்கு வரப்பிரசாதம். கிளாஸ் ஏ வகைக்கு ஆசைப்படுகிறவர்கள், அது பாடினாலும் பாடாவிட்டாலும் 200 வாட் இழுத்துக்கொண்டிருக்கக் கூடியது என்பதையும், தினம் நாலு மணி நேரம் போட்டால் இரண்டு மாதத்துக்கு 48 யூனிட் ஆகும் என்பதையும், அந்த உஷ்ணம் அத்தனையும் நீங்கள் உட்காரும் அறைக்குள்ளேயே இறங்கும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் நூறு யூனிட்டில் பாதி அதற்கே சரியாகிவிடும். பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஜப்பான் பெட்டிகளைக் கண்டு மயங்குகிறவர்கள், பின்பக்கத்தில் 100 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுவது நலம். நம் 230 வோல்ட்டில் அதை நேரே சொருகினால் புகைதான் மிஞ்சும்.

அண்டை வீட்டாரை மறந்துவிட்டு இந்தக் கணக்கைப் போட முடியாது. குடியிருப்புப் பகுதிக்கு மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் வகுத்த அளவு பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல். தனியார் ஒருவருடைய ஒலிக்கருவியின் சத்தம், அவருடைய எல்லைக்கோட்டில் இந்த அளவுக்குமேல் ஐந்து டெசிபலைத் தாண்டக் கூடாது. ஒற்றைச் செங்கல் சுவர் ஒன்று மட்டும் நடுவே நிற்கும் அடுக்குமாடியில், 85 டெசிபல் நாகஸ்வரத்துக்காக 200 வாட் வாங்கியவர், அதை எந்த நேரத்தில் பயன்படுத்தப் போகிறார் என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, அன்பர்களே, உங்களிடம் நான் வேண்டுவது சொற்பம். வரும் ஞாயிற்றுக்கிழமை மெத்தையை இறக்கிச் சுவரில் சாய்த்து, விசிறியை இரண்டு படி குறைத்து, ஸ்பீக்கரை முன்னுக்கு இழுத்துக் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் மனம் ஆறவில்லையானால் மீட்டரை எடுத்து அளந்து, வந்த வோல்ட்டையும், ஸ்பீக்கரின் பின்னால் எழுதியிருக்கும் ஓமையும், டிரான்ஸ்பார்மரில் எழுதியிருப்பதையும் ஒரு காகிதத்தில் குறித்து எனக்கு அனுப்பி வையுங்கள். அந்த மூன்று எண்களையும் பார்த்துவிட்டு, வாங்கலாமா கூடாதா, வாங்குவதானால் எத்தனை வாட் என்று தனித்தனியே பதில் எழுதுகிறேன். எண் எதையும் அளக்காமல், 'எந்த ஆம்ப் வாங்கலாம்?' என்று மட்டும் கேட்கும் கடிதங்களுக்கு இனிமேல் நான் பதில் எழுதுவதாக இல்லை.

இங்ஙனம்,
இரும்புலியூரிலிருந்து உங்கள் சக ரசிகன்